வடிகால் வாயில் ஒரு மண்கட்டி

என் வாயாடி அண்ணிக்கு, அந்த வாயில் வாரத்துக்கு நாலு முறையாவது விழுந்து எழுந்த நாத்தனார் வசந்தா எழுதுவது.

அங்கே எப்படி இருக்கிறீர்கள்? அதற்குள் யாரிடமாவது சண்டை பிடித்துவிட்டீர்களா? பிடித்திருப்பீர்கள். முன்னால் நிற்கிறவரிடம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்" என்று சொல்லியிருப்பீர்கள். அங்கே உங்களுக்குக் காற்று தேவைப்படுகிறதோ இல்லையோ, சொல்லாமல் இருந்திருக்க மாட்டீர்கள்.

வருகிற வாரம் உங்களுக்குத் தலைத்திவசம். நம் மகளிர் குழு மலர் போடுகிறது, உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடு என்றார்கள். "அன்பின் உருவம், பொறுமையின் சிகரம்னு ஆரம்பி வசந்தா" என்று தலைவியக்கா எடுத்துக் கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொறுமையா? உங்களுக்கா? உலை கொதிக்கத் தாமதமானால் அடுப்பைத் திட்டுகிற ஆள் அல்லவா நீங்கள்! நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான், அழகாகப் பொய் எழுத வராது. அதனால் உங்களுக்கே நேராக எழுதிவிடுகிறேன். ஊரும் படிக்கட்டும். ஊர் படித்தாக வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது.

அதைச் சொல்வதற்குள் நாலு முறை எழுந்து போய்விட்டேன். ஒரு முறை ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் வைத்தேன். ஒரு முறை கொடியில் காய்ந்த துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ந்திருக்கிறது என்று தெரிந்தும் எடுக்காமல் வந்தேன். இரண்டு முறை எதற்கு எழுந்தேன் என்றே தெரியவில்லை. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி, உக்காந்த எடத்துல எறும்பா?"

"ஆமா. கட்டெறும்பு. ஒண்ணு பேசுது கூட."

அவர் வாயை அடைத்துவிட்டேன். என் காலைத்தான் ஓரிடத்தில் நிறுத்த முடியவில்லை.

வெளியூர்க்காரர்களும் படிப்பார்கள், முதலிலிருந்தே சொல்கிறேன். உங்களுக்குத் தெரிந்த கதைதான், நடுவில் குறுக்கே பேசாமல் கேளுங்கள். முடியாது என்று தெரியும், சும்மா சொன்னேன்.

நம்மூர் கடைமடை. காவிரித் தண்ணீர் பாபநாசம் பக்கமெல்லாம் பாய்ந்து, அங்கே நடவு முடிந்து, பயிர் பச்சை பிடித்த பிறகுதான் நம் வாய்க்காலில் தலையைக் காட்டும். சில வருஷம் வாலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடும். பாபநாசத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த நீங்கள் முதல் வருஷம் கேட்டீர்களே, "இது வாய்க்காலா, பாம்பு போன தடமா?" என்று. அண்ணனுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

அப்புறம் அந்தப் புயல். கடல் வயலுக்குள் வந்து நாலு நாள் தங்கிவிட்டுப் போனது. போகும்போது உப்பை விட்டுவிட்டுப் போனது. போர் தண்ணீரும் மாறிவிட்டது. மோட்டார் போட்டால் வருகிற தண்ணீரில் ரசம் வைத்தால் உப்புப் போட வேண்டாம். இரண்டு வருஷம் அண்ணன் நாற்று விட்டுப் பார்த்தான். இரண்டு வருஷமும் நாற்று நுனி கருகி, குனிந்து, படுத்துவிட்டது. அதற்குப் பிறகு நிலம் சும்மா கிடந்தது. அண்ணனும் ஏறக்குறைய அப்படித்தான் கிடந்தான். நீங்கள்தான் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு, தரங்கம்பாடிப் பக்கம் கடற்கரையில் இருக்கிற ஒரு ஓட்டலுக்குத் தோட்ட வேலைக்குக் கிளம்பினீர்கள். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

அங்கேதான் அந்தப் புல்லைப் பார்த்தீர்கள். கடலுக்கும் ஓட்டலுக்கும் நடுவே விரித்த புல்தரை. மற்றவர்கள் புல்லைப் பார்ப்பார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? பாய்ச்சுகிற குழாயைத் தூக்கி வாயில் வைத்தீர்கள்! வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கூடக் கழற்றவில்லை.

"வசந்தா, நம்ம போர் தண்ணிய விட அங்க கரிக்குதுடி. புல்லு மட்டும் கண்ணு கூசுற மாதிரி பச்சப் பசேல்னு நிக்குது. அதுக்கு நாக்கே கெடையாது போல."

"உங்களுக்கு நேர் எதிர் அண்ணி. உங்களுக்கு நாக்கு மட்டுந்தான்."

முதுகில் ஒன்று வைத்தீர்கள். இப்போதும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.

ஓட்டல் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற சாரிடம் பேச்சுக் கொடுத்தீர்கள். கடலோரப் புல்லாம், பஸ்பாலம் என்று பெயராம். வேரோடு சதுரம் சதுரமாக வெட்டி, வெளியூரிலிருந்து லாரியில் வருகிறதாம். நீங்கள் வளர்த்துக் கொடுத்தால் நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்று அவர் பேச்சுக்குச் சொன்னார். நீங்கள் பேச்சுக்கு எடுத்துக்கொள்ளவில்லை. ஓரம் வெட்டிக் குப்பையில் கொட்டுகிற தண்டையெல்லாம் கேட்டு வாங்கி, யூரியா சாக்கு இரண்டில் அடைத்து, பஸ்ஸில் ஏற்றினீர்கள். அன்றைக்கு உங்களுக்கு ஒத்தாசைக்கு வந்தது நான். ஏன்தான் வந்தோமோ என்று ஆகிவிட்டது.

"மூட்டையில என்னம்மா?" என்றார் கண்டக்டர்.

"புல்லு."

"மாட்டுக்கா?"

"இல்லங்க. வயல்ல நட."

"வயல்ல நடவா? வயல்ல புல்லு புடுங்க ஆள் கெடைக்காம நாங்க லோல்படுறோம், நீங்க டிக்கெட் போட்டுப் புல்லு கொண்டுபோறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை விட்டுக்கொண்டேன், உங்களைத் தெரியாதவள் மாதிரி. நீங்கள் அசையவில்லை.

"சிரிங்க, நல்லா சிரிங்க. வெளஞ்சதும் மொத சதுரம் வெட்டி உங்க வீட்டு வாசல்ல போட்டுத் தரேன். அதுல உருண்டு பொரண்டு சிரிங்க" என்றீர்கள். கண்டக்டர் மூட்டைக்கு டிக்கெட் போடாமலே போய்விட்டார்.

பஸ்ஸில் வந்த புல் என்று அன்றிலிருந்து ஊரில் அதற்குப் பஸ் புல் என்றே பெயர்.

தை மாதம், மழை நிலத்தைக் கழுவிவிட்டுப் போன ஈரத்தில், மோட்டார்க் கொட்டகையை ஒட்டி அரை மா நிலத்தில் தண்டைக் கிள்ளிக் கிள்ளி நட்டோம். நாம் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து வயலில் புல்லைப் பிடுங்கிய கைகள். என் கை நடுவதற்குப் பதிலாகப் பிடுங்கிவிடுமோ என்று பயந்தீர்கள். அண்ணன் வரப்பில் நின்று ஒன்று சொன்னான்.

"நெல்லு வெளஞ்ச எடத்துல புல்லு நடுறீங்களா? எங்கப்பா பாத்தா எந்திரிச்சு வந்து அடிப்பாரு."

"வரட்டும். பாவம், எந்திரிச்சு வந்த களைப்பா இருக்கும். இதுல உக்கார வைக்கிறேன், மெத்துனு இருக்கும்" என்றீர்கள். அண்ணன் அதோடு அந்தப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டான்.

உப்புத் தண்ணீர் பாய்ச்சுவதில் ஒரு முறை இருக்கிறது என்று எனக்கு நீங்கள்தான் சொன்னீர்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கக் கூடாது. விட்டு விட்டு, விடும்போது நிறைய விட வேண்டும். விட்ட தண்ணீர் நிலத்தில் நிற்கவே கூடாது. மண்ணுக்குள் இறங்கி, மிச்சம் வடிகால் வழியாக ஓடிவிட வேண்டும். எனக்குப் புரியவில்லை. உப்பு இருக்கிற நிலத்துக்கு இன்னும் உப்புத் தண்ணீரா என்றேன்.

"துணி எப்படி அலசுவ? அழுக்குத் துணிய ஒரு வாளி தண்ணியில போட்டு, அந்தத் தண்ணியோடயே காய வைப்பியா? அலசி ஊத்துவேல்ல? நமக்குக் கெடைக்கிற தண்ணி கலங்கல் தண்ணிதான். கலங்கல் தண்ணியா இருந்தா இன்னும் நல்லா அலசணும், அலசுனத நிக்க வைக்காம ஊத்தணும். அவ்வளவுதான்."

சரியாக அலசுகிறோமா என்று பார்க்கவும் ஒரு வழி வைத்திருந்தீர்கள். உள்ளே வருகிற தண்ணீரில் ஒரு சொட்டு, வெளியே போகிற தண்ணீரில் ஒரு சொட்டு, இரண்டையும் நுனி நாக்கில் வைக்க வேண்டும். போகிறது அதிகம் கரித்தால் நிலத்து உப்பைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். ஓட்டல் சார் இதற்கு ஒரு மீட்டர் வைத்திருந்தாராம். நம்மிடம் உங்கள் நாக்கு இருந்தது.

பங்குனிக்குள் புல் ஒன்றோடொன்று கைகோர்த்துவிட்டது. அவ்வளவு பச்சையை அந்த நிலத்தில் நான் மூன்று வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

அண்ணி, இனி எழுதுவதுதான் கஷ்டம். இந்த இடத்தில்தான் ஐந்தாவது முறை எழுந்து போனேன்.

கடைமடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தண்ணீர் ஓடி வீணாவதைக் கண்டால் கால் சும்மா இருக்காது. அது யார் வயலாகவும் இருக்கட்டும், பேச்சுவார்த்தை இல்லாதவர் வயலாகவே இருக்கட்டும், ஒரு மண்கட்டியைக் காலால் நகர்த்தி அடைத்துவிட்டுத்தான் போவோம். பட்டுப்புடவை கட்டிக் கல்யாணத்துக்குப் போகிறவளும் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடைத்துவிட்டுத்தான் போவாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. நடை பழகும்போதே காலோடு வருவது. மேலே தலைமடையில் பிறந்த உங்களுக்கு அது கிடையாது. தண்ணீர் ஓடினால் அழகாக இருக்கிறது என்று நின்று பார்ப்பீர்கள்.

சித்திரையில் உங்கள் அக்காள் மகள் கல்யாணத்துக்குப் பத்து நாள் பாபநாசம் போனீர்கள். புல்லை என் பொறுப்பில் விட்டுவிட்டு, பஸ் நகர்ந்த பிறகும் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு கத்தினீர்கள்.

"வடிகால் வாய் தொறந்தே கெடக்கட்டும்டி! மூடுன, வந்து உன் வாயத் தச்சிடுவேன்!"

முதல் நாள் நீங்கள் சொன்னபடியே அலசி விட்டேன். நாலாம் நாள் காலையில்தான் வினை. கரண்ட் ஒழுங்காக வராத வாரம் அது. வந்த கொஞ்ச நேரத்தில் இழுத்த தண்ணீர், வெயிலில் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிக்கொண்டு வடிகாலில் ஓடுகிறது. சுற்றிலும் பார்க்கிறேன், வாய்க்கால் வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் ஓடுகிறது. உப்புத் தண்ணீர் என்று மனதுக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. ஒரு கட்டியை நகர்த்தி வைத்துவிட்டது.

அதோடு விட்டிருந்தால் கால் மேல் பழியைப் போட்டிருப்பேன். கட்டியின் ஓரத்தில் இன்னும் கசிந்தது. இரண்டாவது கட்டியைக் குனிந்து கையால் எடுத்து வைத்து, சேறு பூசி அடைத்தேன். முதல் கட்டி கால் வைத்தது. இரண்டாவது நான் வைத்தது. இந்தப் புல் பாவம், நாலு மாதக் குழந்தை, ஒரு நாளாவது வயிறு நிறையக் குடிக்கட்டுமே என்று நினைத்தேன். தண்ணீர் ததும்பி நின்றதைப் பார்த்துச் சந்தோஷமாக வீட்டுக்கு வந்து தூங்கினேன் அண்ணி. அதுதான் இன்றைக்கும் என்னைக் குடைகிறது. சந்தோஷமாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு கரண்டும் இல்லை, நான் அந்தப் பக்கம் போகவும் இல்லை. நீங்கள் வருகிற அன்று காலையில் போனேன். சித்திரை வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் வைத்துவிட்டுப் போயிருந்தது. கோலமாவு மூட்டையை அவிழ்த்துக் கொட்டியது போல் வெள்ளை. அதற்குள்ளே புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. கொட்டகையை ஒட்டிய மேட்டில், தண்ணீர் எட்டாத ஒரு மூலை மட்டும் பச்சையாக இருந்தது. கட்டியைப் பிடுங்கி வடிகாலில் வீசினேன். பூசிய சேற்றைச் சுரண்டினேன். காலால் கட்டியை நகர்த்தினேனே, அந்த இடத்தில் தடம் காய்ந்து அச்சாகியிருந்ததை மட்டும் நான் அப்போது கவனிக்கவில்லை, பிறகுதான் கண்ணில் பட்டது.

என் இடது காலின் கட்டை விரல் தனியே விலகி நிற்கும். சின்ன வயதில் அண்ணன் சைக்கிள் பின்னால் உட்கார வைத்து ஓட்டி, சக்கரத்தில் விட்டுவிட்டான். இந்த ஊரில் அப்படி ஒரு கால் என்னுடையது மட்டும்தான்.

நீங்கள் கல்யாணப் பையோடு நேராக வயலுக்கு வந்தீர்கள். புல்லைப் பார்த்தீர்கள். பிறகு வடிகால் வாய்க்குப் போய் நின்றீர்கள். கீழே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எனக்கு அந்த வருஷம் முழுக்க நின்ற மாதிரி இருந்தது.

"தண்ணியில உப்பு ஏறிடுச்சு போல வசந்தா. என் நாக்கு தப்பாச் சொல்லிடுச்சு" என்றீர்கள். கொஞ்சம் கழித்து, "கால் வெடிச்சிருக்கு பாரு. வெளக்கெண்ண தடவு" என்றீர்கள்.

பையிலிருந்து லட்டு எடுத்தீர்கள். அண்ணனுக்கு ஒன்று. எனக்கு இரண்டு.

எனக்கு ஏன் இரண்டு அண்ணி? அந்தத் தடத்தைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லையா? என் காலைப் பற்றி அப்போது எதற்குப் பேசினீர்கள்? தெரிந்துதான் பேசாமல் இருந்தீர்கள் என்றால், நீங்கள் பேசாமல் இருந்தது உங்கள் ஆயுளில் அது ஒன்றுதான். அதை எனக்காகவா செலவழித்தீர்கள்?

அதற்குப் பிறகு அண்ணன் உங்களைச் சும்மா விடவில்லை. சோறு போடும்போதெல்லாம் ஒரு குத்தல். "கொழம்புல உப்பு கம்மி. எல்லாத்தையும் வயல்ல கொட்டிட்டியா?" என்பான். உப்புத் தண்ணீர் பாய்ச்சி நிலத்தைப் பாழாக்கியவள் என்று ஊரும் பேசியது. நீங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பதில் கொடுத்துச் சிரித்துக்கொண்டே அந்த மூலைப் புல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தீர்கள். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஆனி போனது, ஆடி போனது. ஆவணியில் ஒரு காலை, இட்லிக்கு அரைத்து வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாவு புளிக்கக்கூட இல்லை.

அன்றைக்கு அழுதுகொண்டே அண்ணன் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னான்: "அந்தப் புல்லுதான் அவள அரிச்சிடுச்சு." நான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

கார்த்திகையில் இறால் குட்டை போடுகிற ஒருவர் வந்தார். "உப்புத் தண்ணி எங்களுக்குத் தங்கம்ங்க. சும்மா கெடக்குற நெலந்தானே, குத்தகைக்குக் கொடுங்க" என்றார். நிலத்தைத் தோண்டிக் குட்டையாக்கிவிட்டால் அது மறுபடி வயலாகாது. அடுத்த கிராமத்தில் குட்டை வந்த பிறகு அடிபம்புத் தண்ணீரை ஆடுகூட மோந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அண்ணனுக்கும் தெரியும். ஆனால் அவனுக்கு அந்த நிலத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "தலைத்திவசம் முடியட்டும், கையெழுத்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டான். அதுவரைக்கும் அந்த அரை மா எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "என்னமோ பண்ணு. நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்" என்றான்.

மழை நிலத்தை அலசிக் கொடுத்தது. தையில் மூலையில் இருந்த உங்கள் புல்லைக் கிள்ளி மறுபடியும் முழுக்க நட்டேன், தனியாக. இந்தச் சித்திரையையும் அது தாண்டிவிட்டது அண்ணி! நீங்கள் சொன்ன முறைதான். விட்டு விட்டு, நிறைய, நிற்க விடாமல். நுனி நாக்கில் ஒரு சொட்டு. ஒவ்வொரு முறை தண்ணீர் வெளியே ஓடும்போதும் காலில் ஒரு குறுகுறுப்பு வருகிறது. இடது காலை வலது காலால் மிதித்துக்கொண்டு நிற்பேன். தூரத்தில் பார்க்கிறவர்களுக்குக் கொக்கு நிற்கிற மாதிரி இருக்கும். "கொக்கே, மீன் கெடைச்சுதா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழும்.

போன செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் மோட்டார் போட்டுவிட்டு நின்றிருந்தேன். இறால்காரர் அளவு டேப்போடு வந்தார், பின்னாலேயே அண்ணன். திவசத்துக்கு முன்னால் அளந்தாவது வைத்துக்கொள்கிறேன் என்று அவர் நச்சரித்திருக்கிறார். ஒரு வருஷம் கழித்து அண்ணன் அந்த வரப்பில் ஏறினான். புல்லைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முகத்தை ரோட்டுப் பக்கமே வைத்திருந்தான். வடிகால் பக்கம் வந்ததும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பேச்சு பாதியில் நின்றது. கண் கீழே போனது. செருப்பிலிருந்து வலது கால் தானாக வெளியே வந்து, ஒரு மண்கட்டியைத் தள்ளி, வாயை அடைத்தது.

"அண்ணே! கால எடு!"

நான் போட்ட சத்தத்தில் இறால்காரர் டேப்பைக் கீழே போட்டுவிட்டார்.

"ஏன்டி கத்துற? தண்ணி ஓடுது, கண்ணு தெரியலையா?"

"ஓடட்டும்."

"ஓடட்டுமா? கடைமடைக்காரிதானே நீ?"

"அதனாலதாண்ணே. அன்னிக்கு நானும் இதத்தான் பண்ணுனேன்."

"என்னிக்கு?"

"அண்ணி பாபநாசம் போனாங்கள்ல, அன்னிக்கு. நீ இப்ப வச்ச அதே எடத்துல. புல்லு செத்தது அண்ணியால இல்லண்ணே. என் காலால."

சொல்லிவிட்டேன் அண்ணி. ஒரு வருஷமும் சில மாதமும் வாயில் வைத்திருந்தது, இவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

அண்ணன் என் காலைப் பார்த்தான். விலகி நிற்கிற கட்டை விரலைப் பார்த்தான். பிறகு தன் காலைப் பார்த்தான். கட்டி இன்னும் அதன் அடியிலேயே இருந்தது. அடிப்பான் என்று நின்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன் சொல்லல?"

"நீ அண்ணியத் திட்டுனப்ப, என்னத் திட்டலையேன்னு இருந்துச்சுண்ணே. அப்புறம் சொல்லலாம்னு பாத்தா சொல்ல ஆளு இல்ல."

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியல."

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அடைபட்டு, புல்லின் கால் வரைக்கும் ஏறியது. அண்ணன் குனிந்தான். கட்டியைக் காலால் தள்ளவில்லை, இரண்டு கையாலும் எடுத்தான். எடுத்து வரப்பில் வைத்தான், எதையோ உடையாமல் வைப்பது போல. தண்ணீர் மறுபடியும் ஓடியது.

நான் மோட்டார்த் தண்ணீரை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு வந்தேன். "நாக்குல வை." வைத்தான். வடிகால் தண்ணீரைப் பிடித்துக் கொடுத்தேன். வைத்தவுடன் துப்பினான்.

"எதுண்ணே ஜாஸ்தி?"

"போறது." கொஞ்ச நேரம் ஓடுகிற தண்ணீரையே பார்த்தான். "இதத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாளா?"

"நீ கேட்டாத்தானே?"

அப்போதுதான் புல்லைப் பார்த்தான். உட்காரவில்லை, தொடவில்லை. பார்த்தான். உங்களைப் பெண் பார்க்க வந்தபோது பார்த்தானே, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் தூக்கி, அந்தப் பார்வை.

இறால்காரர் டேப்பின் ஒரு முனையை நீட்டினார். "இதக் கொஞ்சம் புடிக்கிறீங்களாங்க?"

"இல்ல தம்பி. இது என் பொண்டாட்டி வச்ச புல்லு. அவளக் கேக்கணும்."

"அவங்கதான்..." என்று அவர் இழுத்தார்.

"ஆமா. அதான் கேக்க முடியல. நீங்க போய்ட்டு வாங்க."

அவர் போய்விட்டார். அண்ணனும் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டான். வியாழக்கிழமை நான் போவதற்கு முன்பே வயலில் இருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, வலது காலை இடது காலால் மிதித்துக்கொண்டு நின்றான். நானும் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு கொக்கு. பேச்சு இன்னும் வரவில்லை. என்னை மன்னித்துவிட்டானா என்று தெரியாது. நான் என்னை மன்னித்துவிட்டேனா என்பதும் தெரியாது. இறால்காரர் அடுத்த வருஷம் வேறு டேப்போடு வரலாம். போர் தண்ணீர் இன்னும் கரிக்கலாம். புல்லுக்கும் ஒரு எல்லை இருக்குமே. இதையெல்லாம் நினைத்தால் ஆறாவது முறையும் எழுந்துவிடுவேன், அதனால் முடிக்கிறேன்.

நான் சொல்லி அனுப்பி, வெள்ளிக்கிழமை ஓட்டல் சார் வந்து புல்லை ஒரு பிடி பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. சிரித்துவிட்டார். வருகிற மாதம் வெட்டிக்கொள்கிறோம் என்றார். நீங்கள் வேலையை விட்டு நின்றுவிட்டதாகவே நினைத்திருந்தாராம், உங்களைக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் முதல் சதுரம் ஓட்டலுக்குப் போகாது. அந்தக் கண்டக்டர் இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறார். பாய் மாதிரிச் சுருட்டி, சாக்கில் வைத்து, நானே ஏற்றுவேன். டிக்கெட் கேட்டால் உங்கள் பெயரைச் சொல்வேன். அவர் வீட்டு வாசலில் விரித்துவிட்டு, இதில் உருண்டு புரண்டு சிரிக்கச் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

வடிகால் வாய் திறந்தே கிடக்கும் அண்ணி. நான் மூட மாட்டேன், அண்ணனையும் மூட விட மாட்டேன். யாராவது உங்களைக் குறை சொன்னால் என் இடது காலைத் தூக்கிக் காட்டுவேன். மூடினால் வந்து வாயைத் தைப்பேன் என்றீர்களே, அந்த வேலையை உங்களுக்கு இனி வைக்க மாட்டேன்.

ஆனாலும் ஒரு நாள் ஊசியோடு வந்துவிட்டுத்தான் போங்களேன்.

லட்டு இரண்டையும் தின்றுவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்த
உங்கள் நாத்தனார்,
வசந்தா